பழைய கொம்பியூட்டரில் கேம் ஏன் இழுபடுகிறது? புதிது வாங்க முதல் பார்க்க வேண்டியவை

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10-இன் ஆதரவுக் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு, பழைய கொம்பியூட்டர் இருக்கிற வீடுகளில் இரண்டு வேறு பிரச்சினைகள் ஒன்றாகக் குழம்பிப்போய்க் கிடக்கின்றன. ஒன்று, விண்டோஸ் பற்றிய பயம். மற்றது, பிள்ளை விளையாடுகிற கேம் இழுபடுவது. "பெட்டி பழசாப் போச்சு, அதான்" என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டு, புதுப் பெட்டிக்குக் காசு தேடத் தொடங்கிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

வன்னியில் இது சின்ன விஷயம் இல்லை. இங்குள்ள வீடுகளில் இருக்கிற டெஸ்க்டொப்கள் பல, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பிறகு கொள்கலனில் வந்து இறங்கியவை: டெல் ஒப்டிப்ளெக்ஸ், எச்.பி, லெனோவா பெட்டிகள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 2012, 2013 காலத்து இன்டெல் புரொசசர், அதாவது கொம்பியூட்டரின் மூளையான சிப். பிள்ளையின் ஓ.எல், ஏ.எல் படிப்புக்கென்றும் கொரோனாக் காலத்து சூம் வகுப்புக்கென்றும் வாங்கிய பெட்டியில்தான் பின்னேரம் கேமும் ஓடுகிறது. 2022-இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360-ஐத் தாண்டியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இந்த நிலையில், தேவையில்லாமல் ஒரு பெட்டி மாற்றுவது ஒரு குடும்பத்துக்குப் பெரிய இடி. அதனால்தான் முதலில் எது மந்தம், ஏன் மந்தம் என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

"இழுபடுது" என்றால் என்ன?

திரையில் கேம் ஓடுவது, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக மாறுவதுதான். ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்பார்கள். ஒரு செக்கனில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதே எஃப்.பி.எஸ். 60 எஃப்.பி.எஸ் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமைச் செய்து முடிக்கக் கொம்பியூட்டருக்குக் கிடைப்பது 16.7 மில்லி செக்கன். 30 எஃப்.பி.எஸ் போதுமென்றால் 33.3 மில்லி செக்கன். அந்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் பழைய படம் திரையிலேயே நிற்கும். கண்ணுக்கு அது இழுவையாகத் தெரியும்.

ஆனால் வீட்டில் "இழுபடுது" என்று சொல்லப்படுவது மூன்று வேறு நோய்கள்:

1. எப்போதும் மந்தம். தொடக்கத்தில் இருந்தே 20, 25 எஃப்.பி.எஸ்தான். இது கிராபிக்ஸ் அல்லது புரொசசரின் பலக்குறைவு.

2. நன்றாக ஓடி, திடீரென நிற்பது. அரைச் செக்கன் உறைந்து பிறகு ஓடும். இது பெரும்பாலும் ராம் (ஓடுகிற வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) போதாமை, ஹார்ட் டிஸ்க், அல்லது சூடு.

3. படம் வழுவழுப்பாக ஓடும், ஆனால் எதிரியைச் சுட்டால் அவன் விழுவதில்லை, நம் ஆள் பின்னால் இழுத்து விடப்படுகிறான். இது பிங், அதாவது தகவல் கேமின் சேர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கிற நேரம். இன்டர்நெட் சம்பந்தப்பட்டது. பெட்டிக்குள் எதை மாற்றினாலும் தீராது.

மூன்றாவதை முதலாவதாக நினைத்து கிராபிக்ஸ் கார்ட் வாங்கினால் அந்தக் காசு வீண்.

எந்தப் பாகம் தாமதப்படுத்துகிறது?

வெட்டு மெஷின் எவ்வளவு வேகமாக நெல்லை வெட்டினாலும், அதை ஏற்றிப் பறிக்க ஒரே ஒரு லாண்ட்மாஸ்டர்தான் இருந்தால் மெஷின் வயலில் காத்து நிற்கத்தான் வேண்டும். இன்னொரு வெட்டு மெஷின் பிடித்துப் பயனில்லை. கொம்பியூட்டரும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கில் இருந்து ராமுக்கு, ராமில் இருந்து புரொசசருக்கு, புரொசசரில் இருந்து கிராபிக்ஸுக்கு என்று வேலை கைமாறிப் போகிறது. சங்கிலியில் மிக மெதுவானது எதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம்.

அதைக் கண்டுபிடிக்கக் கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

1. கேமைத் திறந்து பத்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கம் போங்கள்.

2. மெமரி 90 வீதத்தைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை.

3. டிஸ்க் 100 வீதத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ஹார்ட் டிஸ்க் திணறுகிறது. ராம் போதாதபோதும் இது நடக்கும், ஏனென்றால் இடமில்லாத சாமானை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுக்கும். எனவே 2-ஐயும் 3-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.

4. புரொசசரின் வேகம் அங்கே கிகாஹேர்ட்ஸில் காட்டப்படும். 3.2 என்று பெயர் போட்ட புரொசசர் கேம் ஓடும்போது 1.6, 1.8 என்று இறங்கினால் அது பெரும்பாலும் சூட்டால் தன்னையே கட்டிப்போடுகிறது.

5. கடைசிப் பரிசோதனை: கேமின் ரெசொலூஷனை 1920×1080-இல் இருந்து 1280×720-க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ் நன்றாக ஏறினால் கிராபிக்ஸ்தான் பலவீனம். கொஞ்சமும் அசையாவிட்டால் பிரச்சினை புரொசசரிலோ ராமிலோ இருக்கிறது.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், கடைக்காரர் எதைச் சொன்னாலும் கேள்வி கேட்கக் கையில் ஒரு பிடி இருக்கும்.

முதல் எதிரி: செம்மண் தூசும் தகரக் கூரையும்

சோளகம் வீசுகிற ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் கிறவல் வீதியோரம் இருக்கிற ஒரு வீட்டுக் கொம்பியூட்டரைத் திறந்து பாருங்கள். புரொசசருக்கு மேலே அலுமினியத் தகடுகள் சீப்பு போல நெருக்கமாக நிற்கும். அந்தச் சீப்பின் இடைவெளி தெரியாது. சிவப்புத் தூசும் ஒட்டடையும் சேர்ந்து, பழைய சாக்குத் துண்டு போல, ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் படிந்திருக்கும். விரலால் இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். மூலையில் பல்லி முட்டை ஒன்றிரண்டும் இருக்கும். ஃபேன் சுற்றுகிறது, சத்தமும் வருகிறது, ஆனால் காற்று தகட்டுக்குள் போவதே இல்லை.

புரொசசர் 100 பாகை செல்சியஸை அண்மித்ததும் எரியாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம் பதினைந்து நிமிடத்தில் இழுபடத் தொடங்குவதற்கு இதுதான் மிகப் பொதுவான காரணம். இதில் அறையின் சூடும் நேரடியாகச் சேர்கிறது. ஃபேன் செய்வது அறைக் காற்றை உள்ளே தள்ளுவதுதானே. அறை 28 பாகையில் இருந்து 38 பாகைக்கு ஏறினால் புரொசசரும் ஏறத்தாழ அதே 10 பாகை ஏறும். சீற் போட்ட வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு இழுபடுகிற அதே கேம் இரவு ஒன்பது மணிக்குச் சுகமாக ஓடுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது:

1. பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்துச் செக்கன் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள்.

2. பெட்டியை வெளியே கொண்டுபோய், காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசைத் தட்டி, ஊதுகிற மெஷினால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் பெயரிங் பழுதாகும்.

3. புரொசசர் ஃபேனைக் கழற்றி, காய்ந்து சுண்ணாம்பு போலாகிவிட்ட பழைய தேர்மல் பேஸ்ட்டை (புரொசசரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பசையை) துடைத்து, புதிதாக ஒரு சின்னக் கடலை அளவு வையுங்கள். பத்து வருடப் பெட்டிக்கு இது கட்டாயம்.

4. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக் கழற்றிய பிறகும் அதற்குள் இருக்கிற கப்பாசிட்டர்கள் ஆபத்தான அளவு மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியில் இருந்து ஊதினால் போதும்.

பெட்டியை நிலத்தில் வைக்காமல் ஒரு அடி உயரத்தில் வைத்தாலே உள்ளே போகிற தூசு குறையும். மேசைச் சீலையால் மூடி வைத்துக்கொண்டு ஓட்டுவதை அறவே விடுங்கள்.

ராம்: அளவு மட்டுமில்லை, எண்ணிக்கையும் முக்கியம்

விண்டோஸ் 10 சும்மா திறந்து நிற்கவே ஏறத்தாழ 2 ஜி.பி ராம் பிடிக்கும். 4 ஜி.பி பெட்டியில் குரோமையும் திறந்து வைத்துக்கொண்டு கேமைத் தொடங்கினால் இடமே இருக்காது. 8 ஜி.பி என்பது இன்றைக்குக் கீழெல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 குறைந்தபட்சமாகக் கேட்பதே 8 ஜி.பி-தான்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜி.பிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் எடுக்காது. 4 ஜி.பியிலும் 3.2 அல்லது அதற்குச் சற்றுக் கூடத்தான் பாவிக்கும். சிஸ்டம் விபரத்தில் 64 பிட் என்று இருக்க வேண்டும்.

அப்புறம், பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டியில் படம் வரைகிற வேலையை புரொசசருக்குள் இருக்கிற இன்டெல் எச்.டி கிராபிக்ஸ் செய்கிறது. அதற்குச் சொந்த மெமரி கிடையாது. புரொசசரோடு சேர்ந்து அதே ராமைத்தான் பங்கு போடுகிறது. டி.டி.ஆர்3 1600 ராம் குச்சி ஒன்று செக்கனுக்கு 12.8 ஜி.பி தரவைத்தான் கடத்தும். இரண்டு குச்சிகளைச் சரியான இடங்களில் போட்டால் இரு பாதை திறந்து 25.6 ஜி.பி ஆகும். ஒற்றை வழிப் பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் போட்டது போல. எனவே இந்தப் பெட்டிகளுக்கு ஒரு 8 ஜி.பி குச்சியை விட இரண்டு 4 ஜி.பி குச்சிகள் நல்லவை. அளவு ஒன்றுதான், ஆனால் கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கார்ட் எதுவும் வாங்காமல் கிடைக்கிற மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

போடும்போது கவனிக்க வேண்டியவை:

1. டி.டி.ஆர்3 வேறு, டி.டி.ஆர்4 வேறு. வெட்டுப் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. பலவந்தமாக அழுத்தினால் மதர்போர்ட் போய்விடும். 3 ஆம், 4 ஆம் தலைமுறை இன்டெல் (ஐ5-3470 போல இலக்கம் 3-இல் அல்லது 4-இல் தொடங்குபவை) என்றால் டி.டி.ஆர்3.

2. லப்டொப் ராம் குட்டை, டெஸ்க்டொப் ராம் நீளம். 4 ஆம் தலைமுறை லப்டொப் பெரும்பாலும் 1.35 வோல்ட் வகையைக் கேட்கும்.

3. நான்கு இடம் இருக்கிற போர்டில், எந்த இரண்டில் போட வேண்டும் என்பது போர்டின் விபரத்தாளில் இருக்கும். பல போர்டுகளில் ஒரே நிற இடங்கள் ஒரு சோடி. சி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெமரிப் பக்கத்தில் டுவல் என்றோ, புதிய பதிப்புகளில் 2 x 64-bit என்றோ காட்டினால் சரி.

2025 இறுதியில் இருந்து உலகெங்கும் ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் முக்கிய காரணம். புதுப் பெட்டிகளின் விலையையும் இது தூக்குகிறது. பாவித்த டி.டி.ஆர்3 குச்சிகள் இன்னும் கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தால் அந்த வாய்ப்பை விட வேண்டாம். நின்று, உங்கள் பெட்டியிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்.எஸ்.டி எதைத் தரும், எதைத் தராது

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. ஒரு சின்னக் கோப்பைத் தேட ஊசி நகர்ந்து தட்டு சுற்றி வர 12 மில்லி செக்கன் அளவு போகும். செக்கனுக்கு 80 கோப்புத் துண்டு வரை எடுக்கலாம், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டியில் சுற்றுவது எதுவுமில்லை. ஆயிரக்கணக்கில் எடுக்கும். விண்டோஸ் திறக்கிற நேரம், கேம் ஏறுகிற நேரம், திடீரென உறைவது எல்லாம் நன்றாகக் குறையும்.

ஆனால் சராசரி எஃப்.பி.எஸ் ஏறாது. படம் வரைவது டிஸ்க்கின் வேலை இல்லையே. இதை எதிர்பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. சில புதிய கேம்களுக்கு எஸ்.எஸ்.டி இப்போது கட்டாயம். 2025 மார்ச்சில் வந்த ஜி.டி.ஏ 5-இன் மேம்படுத்திய பதிப்பு அப்படிப்பட்டது. 2015-இல் வந்த பழைய பதிப்பு ஹார்ட் டிஸ்க்கிலும் ஓடும்.

கரண்ட்: இங்குள்ளவர்களுக்கு இது தனி அத்தியாயம்

வெளிநாட்டவர் எழுதுகிற வழிகாட்டிகளில் இது இருக்காது. நம்முடைய ஊர்களில் கொம்பியூட்டரை அதிகம் கொல்வது இதுதான்.

டிரான்ஸ்போமரில் இருந்து வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவு வோல்டேஜ் வழியில் விழும். காணிகள் பெரிதாக, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற குடியேற்றங்களில் லைனின் கடைசி வீட்டுக்கு 230 வோல்ட் வராத மாலைகள் உண்டு. அதே லைனில் தோட்டத்துக்கு நீர் இறைக்கிற மோட்டர் தொடங்கினால், அது தொடங்குகிற கணத்தில் வழமையான கரண்டைப்போல் பல மடங்கு இழுக்கும். பல்ப் ஒரு தடவை மங்கி எழும். அந்தக் கணத்தில் கொம்பியூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் குற்றம் விண்டோஸில் இல்லை. பவர் சப்ளையின் கப்பாசிட்டர்கள் கிழடாகிவிட்டன. புதியவை அந்தச் சிறு இடைவெளியைத் தாங்கும், பழையவை தாங்காது. கேம் ஓடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆவதற்கும் இதே காரணம் இருக்கலாம். அப்போதுதான் பெட்டி அதிக கரண்ட் கேட்கிறது.

1. யூ.பி.எஸ் வாங்கும்போது வோல்டேஜைச் சீர்செய்கிற வகையா என்று கேளுங்கள். 650 வி.ஏ யூ.பி.எஸ் என்றால் 650 வாட் இல்லை, அதைவிட மிகக் குறைவு. 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பட்டறியில் மொத்தமாக இருப்பதே 84 வாட் மணிதான். கேமைச் சேமித்து முறையாக நிறுத்தத்தான் அது. மின்வெட்டு முடியும்வரை விளையாட அல்ல.

2. இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரல் "சுர்" என்கிறதா? வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை. பவர் சப்ளைக்குள் இருக்கிற வடிகட்டி ஒரு சிறு கரண்டை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியில் நிற்கும். மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியைச் சரிசெய்யுங்கள். கேமுக்காக இல்லை, பிள்ளைக்காக.

3. கரண்ட் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் திகதி பழைய வருடத்துக்குப் போகிறதா? போர்டில் இருக்கிற சி.ஆர் 2032 காசு வடிவப் பட்டறி செத்துவிட்டது. திகதி பிழையாக இருந்தால் இணையத்தளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டும், ஒன்லைன் கேம்கள் உள்ளே விடாது, பயோஸில் (விண்டோஸுக்கு முதலே திறக்கிற போர்டின் அடிப்படை மென்பொருளில்) செய்து வைத்த மாற்றங்களும் அழியும். பல நாள் அலைச்சலுக்குக் காரணம் இந்த ஒரு சின்னப் பட்டறியாக இருப்பதுண்டு.

கிராபிக்ஸ் கார்ட்: வாங்குவதென்றால்

அலுவலகப் பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 240, 290 வாட் அளவில்தான் இருக்கும். அவற்றில் கார்டுக்கான தனி வயர் இருக்காது. மதர்போர்டின் இடத்தில் இருந்து மட்டும் 75 வாட் வரை எடுக்கலாம். எனவே தனி வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் நிற்கிற கார்டுகளைத்தான் பார்க்க வேண்டும். என்விடியா நிறுவனத்தின் கார்டுகளில்: ஜி.டி 1030 (30 வாட்), ஜி.டி.எக்ஸ் 750 டி.ஐ (60 வாட்), ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ (75 வாட்), ஜி.டி.எக்ஸ் 1650-இன் 75 வாட் வகைகள். ஐ5-3470 போன்ற ஒரு பழைய இன்டெல் புரொசசருக்கு 1650 என்பதே பொருத்தமான மேலெல்லை. அதற்கு மேல் போட்டால் கார்ட் புரொசசருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். லாண்ட்மாஸ்டர் கதைதான்.

வாங்கும்போது மூன்று பொறி இருக்கிறது.

முதலாவது, உயரம். ஒடுங்கிய பெட்டி என்றால் குட்டைக் கார்டும், அதைப் பெட்டியில் பொருத்துகிற குட்டைத் தகடும் வேண்டும். கொழும்பில் இருந்து பஸ்ஸில் பார்சல் வந்த பிறகு பெட்டிக்குள் போகவில்லை என்றால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது, போலி. மிகப் பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றி, 1050 டி.ஐ என்று பெயர் காட்டச் செய்து விற்கிறார்கள். விண்டோஸ் அந்தப் பெயரை அப்படியே நம்பும். ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இப்படிப்பட்ட பலவற்றைப் போலி என்றே எழுதிக் காட்டும். காசு கொடுக்க முதல் பாருங்கள், கூடவே ஒரு கேமைக் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, ட்ரைவர், அதாவது கார்டை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருள். 750 டி.ஐ, 900 வரிசை, 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான ட்ரைவர் தருவதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். இன்று இருக்கிற கேம்கள் தொடர்ந்து ஓடும். ஆனால் ஒரே விலையில் 1050 டி.ஐ-யும் 1650-உம் கிடைத்தால் 1650-ஐ எடுப்பதே புத்தி.

புரொசசரின் வயதுக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஏ.வி.எக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இன்டெல்லில் 4 ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதைக் கேட்கிற புதிய கேம்கள் 3 ஆம் தலைமுறையில் எந்தக் கார்ட் போட்டாலும் திறக்கவே மாட்டா.

காசில்லாமல் செய்யக் கூடியவை

1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 1280×720-இல் 9,21,600. பாதியிலும் குறைவு. ஒவ்வொரு ஃபிரேமிலும் கிராபிக்ஸ் நிறந்தீட்ட வேண்டிய புள்ளிகள் இவை. எனவே முதலில் கை வைக்க வேண்டியது ரெசொலூஷனில். நடுவில் 1600×900 என்றொரு நல்ல சமரசம் இருக்கிறது. அடுத்து நிழல்களைக் குறையுங்கள். பாரம் அதிகம், விளையாட்டுக்குப் பயன் குறைவு.

ஃபோனில் விளையாடுகிற ஃப்ரீ ஃபயர், பப்ஜியைக் கொம்பியூட்டரில் எமுலேட்டர் (கொம்பியூட்டரை ஃபோன் போல நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்) வைத்து விளையாடுகிறவர்கள் பயோஸுக்குள் போய் வேர்ச்சுவலைசேஷன் என்ற வசதி ஒன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மனேஜரின் புரொசசர் பக்கத்திலும் அது காட்டும். ஒஃப் ஆக இருந்தால் எமுலேட்டர் நொண்டும்.

"கேம் பூஸ்டர்", "ராம் கிளீனர்" என்று வருபவை பெரும்பாலும் வீண் சுமை. ராமைத் துடைப்பதாகச் சொல்லி, விண்டோஸ் உடனே திரும்ப எடுக்க வேண்டியதை வெளியே தள்ளுகின்றன. பென் டிரைவில் கைமாறி வருகிற கிராக் செய்த கேம்கள் அதைவிட மோசம். சிலவற்றோடு ஒட்டி வருகிற மறைவான புரோகிராம், உங்கள் பெட்டியின் பலத்தில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக் கொடுக்கும். கேம் எதுவும் திறக்காமலே புரொசசர் 80, 90 வீதத்தில் நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

விண்டோஸ் 10-ஐ என்ன செய்வது?

ஆதரவு முடிந்ததால் கொம்பியூட்டர் வேகம் குறையவில்லை. புதிய பாதுகாப்புத் திருத்தம் வராது, அவ்வளவுதான். அதுவும் வீட்டுப் பாவனையாளர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும்.

விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும். பெயருக்குப் பின்னால் வருகிற இலக்கத்தில் தலைமுறை தெரியும்: ஐ5-3470 மூன்றாவது, ஐ5-8500 எட்டாவது. இந்தத் தடையைச் சுற்றிப்போய் பழைய பெட்டியில் 11-ஐ ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றலாம், ஓடும். ஆனால் வலரன்ட் விளையாடுகிற வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். விண்டோஸ் 11-இல் அந்தக் கேமில் ஏமாற்று வேலையைத் தடுக்கிற காவல் மென்பொருள் டி.பி.எம் 2.0-ஐயும், செக்கியூர் பூட் என்ற பயோஸ் பாதுகாப்பு வசதியையும் கட்டாயம் கேட்கும். நேற்றுவரை 10-இல் ஓடிய கேம் இன்று திறக்காது. 7-க்கோ 8-க்கோ இறங்குவதும் வழியில்லை. 2024 ஜனவரி 1-உடன், கேம் விற்கிற ஸ்டீம் தளம் அவற்றைக் கைவிட்டது.

பிங்: தூரம் செய்கிற வேலை

ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும், அதாவது ஒரு மில்லி செக்கனுக்கு 200 கிலோமீற்றர். கிளிநொச்சியில் இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய் வர 27 மில்லி செக்கனுக்குக் குறைவாக யாராலும் தர முடியாது. உண்மையில் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் அதைவிடக் கூடத்தான் வரும். மும்பையிலும் சேர்வர் இருக்கிற கேம் என்றால் இரண்டையும் மாற்றிப் பார்த்துக் குறைவானதைத் தெரிவு செய்யுங்கள். 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிற வீடுகளில் மாலை ஆறு மணிக்குப் பிறகு கோபுரத்தில் கூட்டம் கூடி பிங் ஏறும். ரவுட்டரைக் கோபுரம் இருக்கிற திசை யன்னலோரம் உயர்த்தி வைத்து, அங்கிருந்து கொம்பியூட்டருக்கு வைஃபை விட்டு வயர் இழுத்தால் ஏற்ற இறக்கம் குறையும்.

எந்த இடத்தில் நிறுத்துவது?

துப்புரவாக்கி, ராமைச் சோடியாக்கி, எஸ்.எஸ்.டி போட்ட பிறகும் நீங்கள் விரும்புகிற கேம் ஓடவில்லை என்றால் ஒரு கணக்குப் போடுங்கள். கார்டுக்கும், தேவையானால் பவர் சப்ளைக்கும் சேர்த்து எவ்வளவு? பாவித்த 8 ஆம் தலைமுறைப் பெட்டி ஒன்று எவ்வளவு? இரண்டும் கிட்டக்கிட்ட வந்தால் பழையதில் மேலும் காசைப் போட வேண்டாம், பெட்டியை மாற்றுங்கள். வாங்கிய எஸ்.எஸ்.டி அடுத்த பெட்டிக்குக் கூட வரும். கார்டும், உயரம் ஒத்துவந்தால், வரும். டி.டி.ஆர்3 ராம் வராது. அதை அதே பழைய பெட்டியிலேயே விட்டு, பெட்டியைத் தங்கச்சியின் பாடசாலை வேலைக்கு மேசையில் வைத்துவிடலாம்.